இடுப்பு பத்தொன்பதரை

ஜனவரி 8

அன்புள்ள ஊசி அக்காவுக்கு,

கத்திரி எழுதறேன். நலம்னு ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனா பேனா பிடிக்கவே வலிக்குது, அதனால நேரா விஷயத்துக்கு வரேன்.

கை மோசம். போன வருஷம் விரல் இடுக்குல மட்டும் இருந்த எக்ஸிமா இப்ப புறங்கை முழுக்க ஏறிடுச்சு. ஷாம்பு பட்டா எரியுது, டை பட்டா எரியுது, வெறும் தண்ணி பட்டாலே எரியுது. வெட்டின முடி இருக்கே, பொடிப்பொடியா, அது வெடிப்புக்குள்ள போய் குந்திக்குது. கடை மூடினதும் ஒவ்வொண்ணா ஊசியால எடுக்கறேன். சட்டைப் பட்டன் தைக்கச் சொல்லி நீ குடுத்த ஊசி இதுக்குத்தான் ஆச்சு.

நேத்து ஒருத்தர், கழுத்துல துணி கட்டினதுக்கு அப்புறம், கண்ணாடியில என் கையைப் பார்த்துட்டார். "வேற ஆள் இல்லையா?"ன்னு மெதுவா முதலாளியைக் கேட்டார். எனக்குக் காது நல்லா கேக்குதே, அதுதான் தொல்லை. உன் காது எனக்கு இருந்திருந்தா நிம்மதியா வெட்டிக்கிட்டே இருந்திருப்பேன். கோவிச்சுக்காதே.

மார்ச் வரைக்கும் பார்க்கலாம்னு முதலாளி சொல்லியிருக்கார். அதுக்குள்ள சரியாகலைன்னா நான் சேர் பக்கம் நிக்கக் கூடாதாம். இந்த வேலையை விட்டா எனக்கு வேற எதுவும் தெரியாதுக்கா.

ஏதாவது சொல்லேன்.

உன் தம்பி


ஜனவரி 17

டேய் கத்திரி,

காதைப் பத்தி எழுதினதுக்கு நேர்ல வந்தா ஒரு குட்டு இருக்கு. போன்ல பேசினா எனக்கு வண்டு பறக்கற சத்தம்தான் கேக்குதுன்னுதானே எழுதச் சொன்னேன்? அதையும் கிண்டல் பண்ணு.

அடுத்த பாராவுலேயே அழுதுட்டேன், அது வேற கதை.

உனக்கு மட்டும்னு நினைச்சுக்காதே. நான் அளவு எடுக்கற பொம்பளைங்கள்ல பத்துல ரெண்டு பேருக்கு இது இருக்கு. முழங்கை மடிப்புல, கழுத்துல, ரவிக்கைப் பட்டி உரசற இடத்துல. புருஷன்கிட்ட மறைக்கறதைக்கூட டேப் பிடிக்கறவகிட்ட மறைக்க முடியாது. ரெண்டு வருஷமா இதைப் பத்தியே படிச்சுக்கிட்டு இருக்கேன். எல்லாம் வயித்துல ஆரம்பிக்கறது. நல்லா கேட்டுக்கோ.

பால், தயிர், முட்டை, மீன், கோதுமை, கடலை, சர்க்கரை எதுவும் கூடாது. மூணு மாசத்துக்கு அரிசிக் கஞ்சியும் வேகவெச்ச காயும் மட்டும். தேங்காய் எண்ணெய்ல வேப்பிலை, மஞ்சள் போட்டுக் காய்ச்சி ஒரு பாட்டில் அனுப்பியிருக்கேன். தினம் ரெண்டு வேளை தடவு. டாக்டர் ஆயின்மென்ட் பக்கம் போகாதே. அது வியாதியை உள்ள தள்ளி அமுக்கிடும், நாளைக்கு ரெண்டு மடங்கா வரும்.

பாட்டிலைச் சுத்தியிருக்கற பை எதிர்க் கடையோடது. புதுசா பட்டன், லேஸ், நூல் விக்கற பொண்ணு. கைக்குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டே ஒத்தக் கையால பட்டன் எண்ணுவா. போன் நம்பரெல்லாம் பையில அச்சடிச்சிருக்கா, சின்ன வயசுலேயே கெட்டிக்காரி. குழந்தை என்னைப் பார்த்தா சிரிக்குது. மத்தவங்க மாதிரி என்கிட்டக் கத்தறது இல்லை பாரு.

தடவு. பத்தியமா இரு.

அக்கா


மார்ச் 2

ஊசி அக்கா,

உள்ள ரெண்டு போட்டோ இருக்கு. முதல்ல சிவப்பா இருக்கறதைப் பாரு, அது ஜனவரி. அப்புறம் இன்னொண்ணைப் பாரு. அது முந்தாநாள்.

எப்படி? என் கைதான், சத்தியமா.

முதலாளியே என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த "வேற ஆள்" கேட்ட மனுஷன் நேத்து வந்து என்கிட்டயே உட்கார்ந்தார். காது பக்கம் கொஞ்சம் கூடுதலாவே கிள்ளி விட்டேன், தெரியாம பட்ட மாதிரி.

உன் எண்ணெய் கை குடுத்துச்சுக்கா. கஞ்சியும்தான். இளைச்சுட்டேன், பேன்ட் நிக்கல, இடுப்பைப் பிடிக்கணும்.

வேற என்ன எழுத. நீ சந்தோஷப்படுவேன்னு தெரியும்.

தம்பி


மார்ச் 12

என் தங்கமே,

ரெண்டு போட்டோவையும் ட்ரையல் ரூம் கண்ணாடி ஓரத்துல ஒட்டிட்டேன். துணி போட்டுப் பார்க்க உள்ள போறவங்க பத்து நிமிஷம் வெளியவே வர்றதில்லை. "இது யாருக்கா?"ன்னு என் முகத்துக்கு நேரா வந்து, உதட்டை அசைச்சு, நிறுத்தி நிதானமாக் கேக்கறாங்க. "என் தம்பி. சலூன்ல இருக்கான்"ங்கறேன்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. காது போனதுல இருந்து என்கிட்ட யாரும் உட்கார்ந்து பேசினது இல்லைடா. அளவு குடுப்பாங்க, தேதி கேப்பாங்க, போவாங்க. ஒரு தடவை சொன்னது புரியலைன்னா "பரவால்ல விடுங்க"ன்னுடுவாங்க. அந்தப் "பரவால்ல விடுங்க"வை நான் எத்தனை வருஷமா விழுங்கிக்கிட்டு இருக்கேன். இப்ப ஸ்டூல் போட்டு உட்கார்றாங்க. புரியலைன்னா இன்னொரு தடவை சொல்றாங்க. நான் பத்தியத்தை அளவுச் சீட்டுக்குப் பின்னாடியே எழுதிக் குடுத்துடறேன். முன்பக்கம் மார்பு, தோள், கை. பின்பக்கம் சாப்பாடு.

எல்லாம் உன் கையால.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

போட்டோவை எல்லாருக்கும் காட்டுவேன்னு நான் நினைக்கல. அது உனக்குன்னு அனுப்பினது.

தப்பா எடுத்துக்காதே. என் உடம்பு வேற, அவங்க உடம்பு வேற இல்லையா? எனக்குச் சரியானது எதனாலன்னு யாரு கண்டா. குளிர் குறைஞ்சதும் ஒரு காரணமா இருக்கலாம். இப்பல்லாம் உள்ள பருத்திக் கையுறை போட்டு, மேல ரப்பர் போட்டுத்தான் டை போடறேன், அதுவும் இருக்கலாம். கொஞ்சம் அடக்கி வாசியேன்.

எண்ணெய் இன்னும் இருக்கு, புதுசா அனுப்ப வேண்டாம்.

தம்பி


மே 4

கத்திரி,

அடக்கி வாசிக்கவா? உனக்கு நல்லானதும் உலகத்துல மத்தவங்களுக்கு அரிப்பே இல்லைன்னு நினைப்பா?

எதிர்க் கடைப் பட்டன்காரி பாப்பாவைச் சொல்றேன். ஒன்பது மாசம். கன்னம் ரெண்டும் தோல் உரிஞ்சு நீர் வடியுது. தூக்கத்துலயே சொறிஞ்சு தலையணை உறையெல்லாம் ரத்தம். குழந்தை கையில துணி உறை மாட்டி விட்டிருக்கா, குழந்தை அந்த உறையாலேயே தேய்க்குது. பார்க்க முடியல. டாக்டர் ஆயின்மென்ட் குடுத்திருக்கார். போட்டா போகுதாம், விட்டா வருதாம்.

அவளைக் கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சு உன் கையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் கடைக்குப் போய் அந்த ஆயின்மென்ட் டியூபை எடுத்துட்டு வந்து, என் கண் முன்னாடியே என் வெட்டுத்துணிக் கூடையில போட்டா. "இனிமே நீங்க சொல்றதுதான்க்கா" ன்னா.

டப்பாப் பாலை நிறுத்தியாச்சு. தாய்ப்பால் அவளுக்கு மூணாம் மாசமே நின்னு போச்சு. கஞ்சித் தண்ணி, மசிச்ச பூசணி, அவ்வளவுதான். குழந்தைக்கு அந்தப் பேரையே வெச்சுட்டேன், பூசணி.

பத்தியச் சீட்டு எழுதிக் குடுத்தவங்களை நோட்டைப் பார்த்து எண்ணினேன். முப்பத்தோரு பேரு.

அக்கா


மே 13

அக்கா,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். குழந்தை விஷயம் வேண்டாம். பெரியவங்கன்னா ஒரு மாசம் கஞ்சி குடிச்சா ஒண்ணும் ஆகாது. ஒன்பது மாசக் குழந்தைக்குப் பாலும் இல்லை, முட்டையும் இல்லைன்னா எதுல இருந்து உடம்பு ஏறும்? டாக்டரை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு. கேட்டா என்ன குறைஞ்சு போயிடும்?

இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

தம்பி


ஜூலை 3

டேய் பயந்தாங்கொள்ளி,

நீ எழுதினதைப் படிச்சேன். டாக்டரை வேணா கேளேன்னு அவகிட்டயும் சொன்னேன். அவ உன் போட்டோவைக் காட்டி, "இவரு டாக்டரைக் கேட்டாரா?"ன்னு என்னையே மடக்கிட்டா. கெட்டிக்காரின்னு சொன்னேன்ல.

இப்பக் கேளு. அடுத்த மாசம் அஞ்சாம் தேதி பாப்பாவுக்குப் பிறந்த நாள். கவுன் தைக்கணும்னு நேத்துத் தூக்கிட்டு வந்தா. மே மாசம் ஒரு சட்டைக்கு அளவு எடுத்திருந்தேன், நோட்டுல இருக்கு. அப்ப இடுப்பு பதினேழு. நேத்து எவ்வளவு சொல்லு? பத்தொன்பதரை! ரெண்டு மாசத்துல ரெண்டரை இஞ்ச். டேப் தப்போன்னு ரெண்டு தடவை பிடிச்சுப் பார்த்தேன். கன்னம் உப்பி, கால் கொழுகொழுன்னு, செருப்பே ஏறல. அவ அம்மா அங்கேயே அழுதுட்டா. பால் இல்லாம எப்படி உடம்பு ஏறும்னு கேட்டியே, இப்படித்தான் ஏறும்.

முன்ன மாதிரி ஓயாமக் கத்தறதும் இல்லை. சாதுவாயிட்டா. தூக்கினா தோள்ல தலையைப் போட்டுப் படுத்துக்கறா. முடிதான் கொஞ்சம் செம்பட்டை ஆயிருக்கு, வெயில்ல கடை வாசல்லயே கிடக்கறாளே, அதனால இருக்கும். கன்னத்துல பொருக்கு இன்னும் உதிரல. உள்ள இருக்கறதெல்லாம் வெளிய வந்துதானே ஆறணும்.

மஞ்சள் துணி, இடுப்புல சுருக்கு. நல்லா தாராளமா வெட்டியிருக்கேன்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

இதைப் படிக்கறதுக்கு முன்னாடி எதிர்க் கடைக்குப் போ. பாப்பாவோட கால்ல, பாதத்துக்கு மேல, கட்டை விரலால அழுத்திப் பாரு. விரலை எடுத்ததும் குழி மூடாம அப்படியே நின்னா அது சதை இல்லை, தண்ணி. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடச் சொல்லு. போயிட்டு வந்து மீதியைப் படி.

எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பே. எங்க கடைக்கு ஒரு நர்ஸம்மா முடி வெட்டிக்க வருவாங்க, குழந்தைங்க வார்டுல வேலை. உன் கடிதம் வந்த சந்தோஷத்துல, ஆமா, எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துச்சு, அவங்க தலையைச் சீவிக்கிட்டே கதையாச் சொன்னேன். எங்கக்கா ரெண்டே மாசத்துல ஒரு குழந்தையை ரெண்டரை இஞ்ச் வளர்த்துட்டான்னு. அவங்க என் மணிக்கட்டைப் பிடிச்சு நிறுத்தினாங்க. "என்ன சாப்பிடுது?"ன்னாங்க. சொன்னேன். "முடி நிறம் மாறியிருக்கா? சும்மாவே படுத்துக்குதா?"ன்னாங்க. பாதி வெட்டின தலையோட சேர்ல இருந்து எழுந்துட்டாங்க. சத்தில்லாமப் போனா உடம்பு இப்படித்தான் நீர் கோத்து வீங்குமாம். இன்னிக்கே சொல்லுங்கன்னாங்க.

அது ஜூலை பன்னெண்டு. இன்னிக்கு இருபத்து நாலு.

பன்னெண்டு நாளா இந்தப் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஏன்னா வெறுமனே ஆஸ்பத்திரிக்குப் போன்னு எழுதினா நீயும் அவளும் என் போட்டோவைக் காட்டுவீங்க. அதனால அந்தப் போட்டோவைப் பத்திச் சொல்லாம இதைச் சொல்ல முடியாது.

உன் எண்ணெய் வந்த நாள்ல இருந்து நீ சொன்ன பத்தியம் இருந்தேன், சத்தியமா. எண்ணெய் தடவினேன். கை இன்னும் மோசமாச்சு, சீழ் வெச்சுது. பிப்ரவரி பதினேழு டாக்டர்கிட்டப் போனேன். ஆயின்மென்ட்டும் மாத்திரையும் குடுத்தார், கையுறை போடச் சொன்னார். பத்தே நாள். அந்த ரெண்டாவது போட்டோ அந்த ஆயின்மென்ட். உன் எண்ணெய்ல மீதி ஜன்னல்ல அப்படியே இருக்கு.

நீ அவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சி அனுப்பினதை, வேலை செய்யலைன்னு எழுத மனசு வரல. எண்ணெய் கை குடுத்துச்சுன்னு எழுதினேன், ஒரு வரிதானேன்னு. அடுத்த கடிதத்துல நீ அந்த ஸ்டூலைப் பத்தி எழுதினே. அதுக்கப்புறம் எப்படிக்கா சொல்வேன்?

அந்தப் பட்டன் கடைப் பையில நம்பர் இருக்கு. ரெண்டு தடவை போட்டேன். "ஹலோ"ன்னு அவ குரல் கேட்டுச்சு. வெச்சுட்டேன்.

என்னைத் திட்டு. ஆனா முதல்ல போ.

தம்பி


ஜூலை 29

உன் கடிதம் இன்னிக்கு வந்துச்சு.

நீ எழுதினதை நான் நம்பல. உனக்கு என்ன வயித்தெரிச்சல்னும் புரியல. நாலு பேரு என்னைத் தேடி வர்றது உனக்குப் பொறுக்கலையா? இல்லை எவனோ டாக்டர் கை பட்டதும் அக்கா எண்ணெய் கசந்து போச்சா? முடி வெட்டிக்க வந்த ஒருத்தி குழந்தையைக் கண்ணால பார்க்காம சொல்றா, நான் இதே கையால அளவு எடுத்திருக்கேன்.

டேப் பொய் சொல்லாது. பொய் சொல்றவன் நீதான்னு நீயே எழுதியிருக்கே. இதுல எது பொய்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?

கவுன் முடிஞ்சுடுச்சு. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கறது மட்டும் பாக்கி.

இனிமே எனக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 14

தம்பி,

எழுதாதேன்னு சொன்னவளே எழுதறேன்.

உனக்கு அந்தக் கடிதத்தைப் போஸ்ட் பண்ணிட்டு நாலு நாள் எதிர்க் கடைப் பக்கம் போகல. ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு மட்டும் இருந்தேன். பாப்பா கல்லா மேசை மேல ஒரு துணியில படுத்தே கிடந்தா. வெயில், தூக்கம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டாம் தேதி கவுனுக்குப் பட்டன் வாங்கற சாக்குல போனேன். அவ திரும்பி டப்பா எடுக்கற நேரத்துல பாப்பா கால்ல விரலை வெச்சு அழுத்தினேன்.

குழி நின்னுச்சுடா. பிசைஞ்ச மாவுல அழுத்தின மாதிரி என் விரல் தடம் அப்படியே இருந்துச்சு. பாப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா, சிரிக்கல.

தூக்கிட்டு ஓடினோம். நான்தான் தூக்கினேன். கனமா இருந்தா. வார்டுல டாக்டர் அவகிட்டக் கேட்ட கேள்விக்கெல்லாம் அவ என் அளவுச் சீட்டை எடுத்துப் பின்பக்கத்தைக் காட்டினா. பையிலேயே பத்திரமா மடிச்சு வெச்சிருந்தா. டாக்டர் அதைப் படிச்சுட்டு என்னைப் பார்த்தார், ஏதோ சொன்னார். எனக்குக் கேக்கல. கேக்காததுக்கு முதல் தடவையா சந்தோஷப்பட்டேன்.

ஆறே நாள்ல வீக்கம் வடிஞ்சுது. வடிஞ்சதும்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுது. ஒண்ணுமே இல்லைடா. எலும்பும் தோலும். கன்னத்துப் புண்ணு வழியா ரத்தத்துல விஷம் ஏறியிருந்துச்சாம், காய்ச்சல் விடவே இல்லை. பத்தாம் தேதி காலையில போயிட்டா. பிறந்த நாளை வார்டுல கழிச்சு அஞ்சு நாள் ஆகியிருந்துச்சு.

அன்னிக்கு மத்தியானம் அவ என் கடைக்கு வந்தா. அழல. "அந்தக் கவுனைக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்கக்கா. போட்டு விடணும், தொளதொளன்னு இருக்கும்"னா. ஒரு நூலை நீட்டினா. பாப்பா இடுப்பைச் சுத்தி அளந்து முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்திருந்தா. டேப்ல வெச்சுப் பார்த்தேன். பதினஞ்சு.

நான் பிரிச்சுத் தைச்சேன். அவ ட்ரையல் ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. கண்ணாடி பக்கம் பார்த்துட்டு என் முகத்துக்கு நேரா வந்து, எனக்குப் புரியற மாதிரி நிதானமாச் சொன்னா. "உங்க தம்பிக்காவது நல்லாச்சேக்கா. பாப்பா உடம்புக்குத்தான் ஒத்துக்கல."

ஊசி கையில ஏறிடுச்சு. அந்தப் போட்டோ ஆயின்மென்ட்டாலன்னு அப்பவே சொல்லியிருக்கணும். அன்னிக்கு என்னால முடியலடா.

இன்னிக்குக் காலையில உன் கடிதத்தை எடுத்துக்கிட்டுப் போனேன். அவ கையில குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சா. ஒரு இடத்துல விரல் நின்னுச்சு. சுவர்ல இருந்த காலண்டரைத் திருப்பி ஜூலைக்குப் போனா. பன்னெண்டாம் தேதியில விரலை வெச்சா. "அன்னிக்குப் பாப்பா உட்கார்ந்திருந்தா. பட்டன் டப்பாவைக் குலுக்கி விளையாடினா"ன்னா. அப்புறம், "ரெண்டு தடவை போன் அடிச்சு நின்னுச்சு. நான்தான் ஹலோ ஹலோன்னேன்"னா.

"நீங்க இதை எப்பக்கா படிச்சீங்க?" ன்னு கேட்டா. இருபத்தொன்பதுன்னேன். அவ விரல் அங்க இருந்து, தாளைத் திருப்பி, ஆகஸ்ட் ரெண்டாம் தேதி வரைக்கும் நகர்ந்துச்சு. அப்ப ஒரு ஆள் வந்து வெள்ளைப் பட்டன் ரெண்டு டஜன் கேட்டார், எண்ணிக் குடுத்தா. எண்ணும்போது உதட்டைப் பார்த்தேன். பன்னெண்டுக்கு மேல அவளால போக முடியல. திரும்பத் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சா. கடைசியில அந்த ஆளே எண்ணி எடுத்துக்கிட்டார்.

உன்னோட பன்னெண்டு நாள். என்னோட நாலு. ரெண்டையும் அவளுக்குச் சொல்லியாச்சு. அந்த மூணு மாசம் முழுக்க என்னோடது, அதையும் சொன்னேன். நீ பொய் எழுதினே. நான் அதை ஒரு குழந்தைக்கு ஊட்டினேன்.

சீட்டு எழுதிக் குடுத்த முப்பத்தோரு பேர் வீட்டுக்கும் போய்ப் பத்தியத்தை விடச் சொல்லிக்கிட்டு இருக்கேன். பத்தொன்பது வீடு முடிஞ்சுது. ரெண்டு வீட்டுல கைக்குழந்தை. ரெண்டும் பால் குடிக்குது, கண்ணால பார்த்துட்டு வந்தேன். ஸ்டூலை உள்ள எடுத்துப் போட்டுட்டேன்.

அவ உன்னை வரச் சொல்லல, திட்டவும் இல்லை. நான்தான் சொல்றேன், வா. கையுறை போட்டுக்கிட்டு வராதே. அவ முன்னாடி வந்து நில்லு, அவ என்ன செய்யணுமோ செய்யட்டும்.

கண்ணாடி ஓரத்துல ரெண்டு போட்டோவும் அப்படியே இருக்கு. நான் எடுக்க மாட்டேன். நீ வந்து எடு.

அக்கா